பி.எஸ்சி., பி.ஆர்.

அப்பா ஸ்டூலில் ஏறி நின்று, வாசல் கதவுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்.

மகள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பலகையில் இருந்தது அவள் பெயர்தான். பெயருக்குப் பின்னால் பளபளவென்று பித்தளை எழுத்தில் இரண்டு பட்டங்கள்.

பி.எஸ்சி., பி.ஆர்.

முதலாவது அவள் வாங்கியது. இயற்பியல், முதல் வகுப்பு. இரண்டாவது, உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத பட்டம்.

எல்லாம் ஒரு போன் பேச்சால் வந்த வினை.

வெளிநாட்டில் என்ன படிப்பது என்று ஆலோசனை சொல்லும் ஏஜென்ட் அன்று கூப்பிட்டிருந்தார். அவள் தலை வாரிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வானியல் படித்தால் வானத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான், ஏ.சி., ஹீட்டர் பழுதுபார்க்கிற டிப்ளமோ எடுத்தால் பி.ஆர். கையில் வந்து விழும் என்று அவர் அளந்துகொண்டிருந்தார்.

"அதென்ன பி.ஆர்.?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா.

மகள் சீப்பை இன்னும் வேகமாக இழுத்தாள். பி.ஆர். என்றால் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை. அம்மாவோ முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். படிப்பதற்கு என்றால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், அங்கேயே தங்குவதற்கு என்றால் வாசற்படி தாண்டக் கூடாது. அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அப்பாதான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், பி.ஏ., பி.காம். மாதிரி அதுவும் ஒரு பட்டம் என்றார்.

அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அப்பாவின் அறியாமைக்கு மகள் மனசுக்குள் பெரிய கும்பிடாகப் போட்டாள்.

மனசு வானியலைக் கேட்டது. அவள் டிப்ளமோவை எடுத்தாள். முதலில் காலூன்ற ஓர் இடம் வேண்டும், அப்புறம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

அப்பா அதோடு விட்டாரா? பெயர்ப் பலகை செய்வது அவர் தொழில். கடைக்கு வருகிறவர், போகிறவர், வழி கேட்க வந்தவர் என்று ஒருவர் விடாமல், "என் பொண்ணு பி.ஆர். படிக்கப் போறா" என்று சொல்லித் தீர்த்தார். தெரியாதவர்கள் வாயைப் பிளந்தார்கள். தெரிந்தவர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். பனி கொட்டுகிற ஊரில் ஏ.சி. மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று மாடி வீட்டுக்காரர் குறும்பாகக் கேட்டதற்கு, ஹீட்டரும் அவள் கையில்தான் இருக்கிறது, அவள் போகாவிட்டால் அந்த ஊரே விறைத்துப் போய்விடும் என்று ஒரு போடு போட்டார்.

அதையெல்லாம் கேட்கும்போது அவளுக்குக் கூச்சமாக இருக்கும். மறைப்பானேன், பெருமையாகவும் இருக்கும்.

ஆனால் இன்று விசா வந்துவிட்டது. கூடவே பலகையும் வந்துவிட்டது. வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். திருகாணி போட்டுச் சுவரில் முடுக்கினால் தெருவே நின்று படிக்கும். விவரம் தெரிந்த ஒருவர் போதும், அப்பாவின் மானம் வாசலிலேயே தொங்கும்.

அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது.

"அப்பா, அதை மாட்டாதீங்க. பி.ஆர்.ங்கிறது பட்டம் இல்லப்பா. அங்கேயே தங்கிடுறதுக்கு..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

அப்பா உதட்டில் கவ்வியிருந்த திருகாணியைக் கையில் எடுத்தார்.

"தெரியும்டா. வெளிநாட்டுல தங்கிட்ட பிள்ளைங்க இங்க கட்டுற வீட்டுக்கெல்லாம் பலகை செய்யறவன் நான். எனக்கா தெரியாது?"

அவள் கை நழுவி ஸ்டூல் ஆடியது. அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பட்டம்னு சொல்லலைன்னா உங்கம்மா உன்னை விட்டிருப்பாளா? பட்டமாவே இருந்துட்டுப் போகட்டும். அதை வாங்குறதுக்கு நீ படப்போற பாடு எந்தப் பட்டத்துக்குக் குறைச்சல்? அம்மா காதுல மட்டும் விழுந்துடக் கூடாது."

சொல்லிவிட்டு மறுபடி முடுக்க ஆரம்பித்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு மனிதரையா ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட், விசா தாள்களை நகலெடுக்கிற ஜெராக்ஸ் கடையில் வேலை முடிந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். அப்பா இல்லாத திருகாணியை முடுக்கினார்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். பலகையை ஒருமுறை படித்தாள். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து மறுபடி படித்தாள். 'பி.ஆர்.' என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. மகள் ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கிட்டே வந்து, அந்த எழுத்துக்கும் பலகையின் ஓரத்துக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல்கூட அங்கே நுழையவில்லை.

"என்னங்க, இத்தனை வருஷமா பலகை செய்யறீங்க, பின்னாடி இடம் விடத் தெரியாதா? இவ நாளைக்கு சிட்டிசன்ஷிப்பும் வாங்குவாளே, அதை எங்க ஒட்டுவீங்க?"