இன்னும் கொஞ்சம்

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத மரகதம் டீச்சர், தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த பிலோமினாவிடம் முதல் நாளே இரண்டு விஷயங்கள் சொல்லியிருந்தார். வாயில் கஞ்சி இருக்கும்போது எதுவும் கேட்கக் கூடாது, புரையேறிவிடும். வேலையை விட்டுப் போக நினைத்தால் ஒரு வார்த்தை கேட்டால் போதும், தடுக்கமாட்டார். ஆறு வருஷம் கழித்து இன்று, முதல் ஸ்பூனை நீட்டுமுன் பிலோமினா கேட்டுவிட்டாள்.

"அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க டீச்சர். நான் ஊரோட போயிடட்டுமா?"

டீச்சர் ஸ்பூனுக்காக வாயைத் திறந்தார். மெல்லத் தேவையில்லாத கஞ்சியை மென்றுகொண்டே இருந்தார். விழுங்கியதும் மறுபடி திறந்தார். பிலோமினா ஊட்டினாள், சொன்ன சொல் தவறாமல் இடையில் வாயே திறக்கவில்லை. டீச்சருக்கு வயிறு நிறைந்து குமட்டத் தொடங்கியபோது, ஸ்பூன் கிண்ணத்தின் அடியைச் சுரண்டியது.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அவசரமாக.

பிலோமினா அடுப்படிக்குப் போனாள். குக்கரில் மிச்சமிருப்பது அவளுடைய பங்கு. அவள் சாப்பிடாமல் குக்கரைக் கழுவ டீச்சர் ஒருநாளும் விட்டதில்லை. இப்போது அந்தப் பங்கையும் கிண்ணத்தில் வழித்து ஊற்றும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள் முதலில் டீச்சரின் கண்களைத் துண்டால் ஒற்றினாள். பிறகு ஸ்பூனை உதட்டருகே பிடித்தாள்.

"அவசரமில்ல டீச்சர்."

டீச்சர் வாயைத் திறந்தார்.