ஏழு மணி மழை

"கலக்குறதுக்கு என் நல்ல கரண்டிதான் கிடைச்சுதா?"

மனைவி கேட்டதை ஆலை மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய டப்பா ஒன்றில் சிலிகான் பசையைப் பிதுக்கி, டர்பென்டைன் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆயிரத்து இருநூறு பேரை மேய்க்கிறவர். அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாதவர் என்பது வீட்டுக்கு மட்டும் தெரிந்த செய்தி.

"தேன் பதம் வரணும்," என்று அறிவித்தார். "கெட்டியா இருந்தா ஊசித் துளைக்குள்ள இறங்காது. நீர்த்துப் போனா நிக்காது. இதெல்லாம் விஞ்ஞானம்."

"விஞ்ஞானி, உங்க சட்டைக் கை டப்பாவுக்குள்ள இருக்கு."

எதிரே விரிந்து கிடந்தது கூடாரம். மகன் கல்லூரி நாட்களில் மலையேறப் போனபோது வாங்கியது. துணியில் பழுதில்லை, தையல் ஓடிய இடமெல்லாம்தான் ஒழுகும். காலையில் அவரே பரணிலிருந்து இறக்கினார். பரண் எந்த அறையில் இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான்.

மகனும் அதே ஆலையில் மெஷின் ஓட்டுகிறவன். வேலையை விட்டு நீக்கிய பதினோரு பேருக்காக, பன்னிரண்டு நாட்களாக மற்றவர்களோடு ஆலை வாசலில் படுத்துக் கிடக்கிறான். மேலாளர் அவனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சட்டப்படி அது பதிவுத் தபாலில் இதே வீட்டுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் பெற்றவள்.

அன்றிலிருந்து அவள் கணவனோடு சரியாகப் பேசவில்லை. இன்றுதான் வாய் திறந்திருக்கிறாள்.

"சாயங்காலம் நீ கொண்டுபோய்க் குடு. நீயே ஒட்டினதா சொல்லு. என் பேரு வரக் கூடாது. நிர்வாகம்னா நடுநிலையா இருக்கணும்."

"நிர்வாகத்து மூக்குல பசை இருக்கு. தொடச்சுக்கோங்க."

அவள் சிரித்தே பல நாளாகியிருந்தது. பழைய பல் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு தையலாக அவர் தடவ, அவள் துணியை இழுத்துப் பிடித்தாள்.

"ராத்திரியெல்லாம் இருமுறானாம். சின்ன வயசுலயே இளைப்பு. நனைஞ்சா நெஞ்சுல கட்டிக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இத்தனை நாள் சும்மா இருந்தீங்களா?"

அவர் பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்தார். அவளும் விட்டுவிட்டாள். கல்லு கரையும்போது தட்டக் கூடாது.

மதியத்துக்குள் பசை காய்ந்தது. இருவரும் கூடாரத்தை நிமிர்த்தினார்கள். மேலாளர் தோட்டக் குழாயை மாடிக்கு இழுத்து வந்து, வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, பக்கவாட்டில் பாய்ச்சினார். கூடாரம் பொத்தென்று உள்ளே ஒடுங்கியது.

"என்னங்க இது? மழை மேலேருந்துதானே வரும்?"

"காத்தடிச்சா எப்படி வேணாலும் வரும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சிடும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஒரு பொட்டு மேகத்தைக் காணோம். அதென்ன ஏழு மணி? மழைக்கும் நீங்கதான் மேனேஜரா?"

"சொல்றேன்ல, வரும்," என்றார். குரல் கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. "இருட்டினதும் கூடாரத்து முளையெல்லாம் நல்லா ஆழமா அடிக்கச் சொல்லு. அதோட வாசலை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வைக்கச் சொல்லு. காலையில அவன் வெளிய வரவே வேணாம்."

அவள் உள்ளே தவழ்ந்து போய் விரலால் தடவிப் பார்த்தாள். ஜன்னல் ஓரத் தையலில் மட்டும் ஒரு சொட்டு தொங்கியது.

"இங்க கசியுது."

மேலாளர் பதறிப்போனார். கோடிக்கணக்கில் நஷ்டம் என்று கேட்டபோதுகூட அவர் முகம் இப்படி ஆனதில்லை. தையலைத் தன் சட்டையாலேயே துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிச்சப் பசையை வழித்தெடுத்து மறுபடி உட்கார்ந்தார். குனிந்த அந்தத் தலைக்கு வெயில் படாமல் அவள் நகர்ந்து நின்றுகொண்டாள். பதவி என்ன பதவி, அப்பன் அப்பன்தான்.

போன் அடித்தது. அவர் இரண்டு கையிலும் பசை. அவள் எடுத்தாள்.

"சார் வேலையா இருக்காங்களாம்மா? அப்ப நீங்களே சொல்லிடுங்க," என்றது முன்பின் கேட்டறியாத குரல். "தண்ணி பீய்ச்சுற வண்டி ரெண்டும் வந்தாச்சு. சார் கையெழுத்துப் போட்டபடி காலையில ஏழு மணிக்கு ஆலை வாசல்ல இருக்கிற கூடாரம் அத்தனையும் அடிச்சுக் கலைச்சிடுறோம்."

அவள் அசையாமல் அவரைப் பார்த்தாள்.

"சரின்னு சொல்லிடு," என்றார் அவர் நிமிராமலே. பிரஷ் அதே தையலின் மேல் மூன்றாவது தடவையாகப் போய்க்கொண்டிருந்தது.