டிரசர் ஐயாவின் தக்கை

"மருந்து ஊத்தச் சொன்னா வித்தை காட்டிக்கிட்டு நிக்கிறாரே இந்த மனுசன்" என்று முணுமுணுத்தாள் செல்வராணி.

முணுமுணுப்பு கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. மருந்து கொடுக்கும் டிரசர் அய்யாவு காதிலேயே விழுந்தது.

"கோவிச்சுக்காதேம்மா. இதோ ஆச்சு."

எங்கே ஆச்சு? வரிசையில் இன்னும் நாலு பிள்ளைகள் நின்றன.

சிங்கப்பூருக்கு வடக்கே, பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. காய்ச்சல் பூமி. விடிந்தும் விடியாமல் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு இழுத்து வந்து கொயினாத் தண்ணி என்கிற கசப்புக் காய்ச்சல் மருந்தைக் குடிக்க வைக்க வேண்டும். அப்புறம் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். கங்காணி பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவான். அன்றைக்கு வேலை கிடையாது.

இந்த அவசரம் அய்யாவுக்குத் தெரிந்தால்தானே. மருந்துக் குப்பியின் தக்கையை உள்ளங்கையில் வைப்பார். மூடுவார், ஊதுவார், திறப்பார். தக்கையைக் காணோம். பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் காட்டுவார். பிள்ளை 'ஆ' என்று வாயைப் பிளக்கும். கரண்டி உள்ளே போய்விடும்.

பத்து மாசமாக இந்த ஒரே வித்தைதான். அதிலும் இரண்டு நாளைக்கு ஒரு தரம் தக்கை கைநழுவி உருண்டு ஓடும். அவரே குனிந்து மேசைக்கடியில் தேடுவார்.

ஆனால் செல்வராணிக்கு வேறு வழியில்லை. மகள் செல்லத்துக்கு ஏழு வயசு. போன மழைக்காலத்தில் கொயினாவுக்குப் பயந்து ஒளிந்து திரிந்து, காய்ச்சல் கண்டு மூணு நாள் கண் திறக்காமல் கிடந்தவள். "ஒரு நாள் விட்டாலும் மறுபடி பிடிச்சுக்கும். அப்புறம் என் கையிலே இல்லே" என்று அய்யாவு அன்றைக்கே சொல்லிவிட்டார்.

வீட்டில் வைத்து ஊற்றிப் பார்க்காமலா இருந்தாள்? மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வெல்லத்தைக் காட்டி, எல்லாம் ஆயிற்று. கரண்டிதான் வளைந்தது. வாய் திறக்கவில்லை. இங்கே வந்தால் மட்டும் திறக்கிறது.

செல்லத்தின் முறை வந்த நேரம் பார்த்து, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு உள்ளே நுழைந்தார். கையில் ஒரு சிவப்புப் பெட்டி.

"என்ன அய்யாவு, அந்தத் தக்கையை இன்னும் விடலியா? தள்ளிக்க. சிங்கப்பூர்லே வாங்கினது இது. சீமைச் சரக்கு. நான் வாயைத் திறக்க வைக்கிறேன், நீ ஊத்து."

அய்யாவு கரண்டியோடு ஒதுங்கினார்.

கிராணி ஒரு பட்டுக் கைக்குட்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். தட்டினார், திறந்தார். கைக்குட்டை போன இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை.

"அலமாக்" என்று மலாயில் வியந்தாள் ஒருத்தி. சுற்றி நின்ற தாய்மார் வாயிலிருந்த வெற்றிலை எல்லோருக்கும் தெரிந்தது. செல்வராணியும் பிளந்த வாயோடுதான் நின்றாள்.

செல்லம் மட்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

கிராணி இன்னொரு தரம் காட்டினார். மூணாந்தரமும் காட்டினார். செல்லம் குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வாய் அப்படியே இருந்தது.

"கல்லுப் பிள்ளையா இருக்குமோ?" என்றார் கிராணி.

பெரட்டு மணி அடித்தது. செல்வராணி மகளை அய்யாவு பக்கம் தள்ளினாள்.

"டிரசர் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தத் தக்கையையே எடுங்க."

அய்யாவு தக்கையை உள்ளங்கையில் வைத்தார். மூடினார், ஊதினார், காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தார்.

செல்லத்தின் வாய் உள்நாக்குத் தெரியத் திறந்தது. கரண்டி போனது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு விழுங்கினாள்.

அய்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"அந்த வித்தையை எந்தக் கடையிலே வாங்கினே?" என்றார் கிராணி.

"வாங்கலீங்க கிராணியாரே, கையாப் பழகினது. முன்னெல்லாம் என்னைக் கண்டாலே பிள்ளைங்க லயத்து வீட்டுக்குள்ளே ஓடி ஒளியும். கொயினாப் பேய்னு பேரு எனக்கு. இப்போ அதுங்களா வந்து வரிசையிலே நிக்குது. இந்த வேலையிலே எனக்கு அதுதானுங்க ருசி."

கிராணி பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

செல்வராணி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு மகளை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"ஏண்டி, பத்து மாசமாப் பார்க்கிறே. தக்கை எங்கே போவுதுன்னு இன்னுமா தெரியலே உனக்கு?"

"தெரியுமே. சட்டைக் கைக்குள்ளே போவுது. மொத நாளே பார்த்துட்டேன்."

அவசரத்தையும் மறந்து செல்வராணி நின்றுவிட்டாள்.

"பின்னே எதுக்குடி அப்படி வாயைப் பொளக்கிறே? மருந்து கசக்கலியா?"

"கசக்குதும்மா. ஆனா வாயைத் தொறக்கலேன்னா அந்த ஐயா மூஞ்சி சுருங்கிப் போயிடுது. அதான், எல்லாப் பிள்ளைங்களையும் தொறக்கச் சொல்லி வச்சிருக்கேன்."