சத்தமே இல்லாத பவர் சப்ளை

கம்ப்யூட்டர் பாகங்களைப் பிரித்துப் பார்த்து, பத்திரிகையில் அவற்றுக்கு மதிப்பெண் போடுவது அவன் வேலை. அன்று புது பவர் சப்ளை ஒன்று வந்திருந்தது.

"சால்டரிங் சுத்தம். கெப்பாசிட்டர் எல்லாம் நல்ல சரக்கு. ஃபேன் சுத்துறதே தெரியல. பத்துக்குப் பத்து!"

"அப்ப நம்ம கம்ப்யூட்டர்லயும் இதையே மாட்டுங்களேன். அந்தப் பழசு மிக்ஸி மாதிரி கத்தி உயிரை வாங்குது," என்றாள் மனைவி.

மாட்டினான். அறை அமைதியானது.

"டேய், வெளிய கிளம்பிட்டியாடா?" பக்கத்து அறையிலிருந்து அம்மா பதறினாள்.

"இங்கதாம்மா இருக்கேன்."

சற்று நேரத்தில் மறுபடியும், "டேய், இருக்கியாடா?"

அவன் பதில் சொல்வதற்குள் மனைவி ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

"பழசையே மாட்டிடுங்க. கண்ணு தெரியாத அத்தைக்கு, அது கத்தினாத்தானே புள்ள பக்கத்துல இருக்கான்!"