வண்டிச் சத்தம் மட்டும்

காலை ஏழேகால். தெருமுனையில் லாரி திரும்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சாலை இரைச்சல் தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்று ஆராயும் மாணவி, ஜன்னல் விளிம்பில் ஒரு மாதமாக இருந்த ஒலிப்பதிவுப் பெட்டியை எடுத்துப்போக வந்திருக்கிறாள். பெட்டியைத் தூக்கியதும் அதன் அடியில் தூசி படியாத சதுரம் ஒன்று தெரிகிறது. வீட்டுக்காரி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கணவர் போன வாரம் இறந்துவிட்டார். அவருடைய மூக்குக்கண்ணாடி மடிக்கப்படாமல் நாற்காலியில் கிடக்கிறது.

“தினமும் காலையில இதுகிட்ட பேசுவாரு. ‘என்னப்பா, டீ குடிச்சியா?’ம்பாரு. கேட்டுட்டு அவரே சிரிச்சுக்குவாரு,” என்கிறாள். “ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டும்மா.”

மாணவி பெட்டியைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருக்கிறாள். “இதுல பேச்சு எதுவும் இருக்காதுக்கா. மனுஷக் குரல் கேட்டா மெஷினே அழிச்சிடும். வண்டிச் சத்தம் மட்டும்தான் தங்கும். சார்தான் ‘பேச்சு பதியாதுல்ல?’ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு, அப்புறம் சம்மதிச்சாரு.”

“ஆமா. நம்ம சண்டையைக் கேட்டு ஊர் சிரிக்கக் கூடாதுன்னாரு.”

வீட்டுக்காரி சிரிக்கிறாள். சிரிப்பு அடங்கிய பிறகும் உதடுகள் சேரவில்லை. இன்னொரு லாரி போகிறது. பெட்டியின் சிறிய பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். மாணவி அசையாமல் நிற்கிறாள்.

“விடியக்காலையில இருமுவாரும்மா. அந்த இருமலையும் பேச்சுன்னு நெனச்சு அழிச்சிருக்குமா?”