பழுது பார்க்கப்படவில்லை

கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையும் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

பெட்டிக்குள் இருந்த தாளை மாரிட் சத்தமாகப் படித்தாள். "பழுது பார்க்கப்படவில்லை. காரணம்: படிவத்தில் கையெழுத்து நீல மையில் இல்லை. இப்படிக்கு, வெஸ்ஸல்."

"நீல மையா?" என்றாள் அவள் அம்மா ஃபெம்மி.

"முதல் தடவை சார்ஜர் வைக்கலைன்னான். ரெண்டாவது தடவை அட்டைப்பெட்டி அளவு சரியில்லைன்னான். இப்போ மையாம். அடுத்த தடவை நீ தலை வாரலைன்னு திருப்பி அனுப்புவான் பாரு!"

ஃபெம்மி சிரிக்கவில்லை. "டிசம்பர் அஞ்சுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்றாள்.

நெதர்லாந்தில் அவர்கள் இருக்கும் அஸ்ஸன் ஊரில் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு பரிசு பிரிப்பார்கள். ஒவ்வொரு பரிசோடும், வாங்குகிறவரைக் கிண்டல் பண்ணி ஒரு பாட்டு இருக்கும். எழுதினவர் பேர் இருக்காது. புனிதர் சின்டர்க்ளாஸ் எழுதியதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாங்குகிறவரே அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும்.

இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக எல்லாப் பாட்டையும் எழுதியவர் ஃபெம்மியின் கணவர் ரூலோஃப். நவம்பர் வந்தாலே மாடி அறையில் உட்கார்ந்து ரெண்டு விரலால் டைப் அடிப்பார். யாராவது படியேறினால் டக்கென்று மூடிவிட்டு, "ஒண்ணுமில்ல, மழை வருமான்னு பார்த்தேன்" என்பார். வாயோரச் சிரிப்பை மட்டும் மூடத் தெரியாது.

கார் ஓட்டும் தேர்வில் மாரிட் நாலு தடவை தோற்ற வருஷம், அவளுக்கு வந்த பாட்டைப் படிக்க முடியாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தாளெல்லாம் பரிசுக் காகிதத்தோடு குப்பைக்குப் போய்விட்டது. இப்போது பாட்டுகள் இருப்பது இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான்.

போன மார்ச்சில் ரூலோஃப் தவறிவிட்டார். கோடையில் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. போட்டால் மூன்றே நிமிஷம். சூடாகி அணைந்துவிடும்.

அவர் இல்லாத முதல் வருஷம். அவருடைய பழைய பாட்டுகளையே எடுத்துப் படிக்க வேண்டும் என்று ஃபெம்மிக்கு ஆசை.

"பேசாம தெருமுனைக் கடையில கொடுத்திருக்கலாம்மா."

"உங்கப்பா அஞ்சு வருஷ வாரண்டி போட்டு வச்சிருக்கார். வெளி ஆள் திறந்தா அது செல்லாதாமே."

"அதோட, படிவத்துல 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா'ன்னு இருந்த கட்டத்துல அப்பா கதை, பாட்டுக் கதை எல்லாத்தையும் எழுதி வச்சியே. அதைப் படிச்சுட்டுத்தான் பயந்து ஓடறானோ என்னமோ!"

"கேட்டிருந்தாங்க. எழுதினேன்" என்றாள் ஃபெம்மி.

மாரிட் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். நீங்கள் வரிசையில் பதினாறாவது என்றது. பாட்டுப் போட்டது. ஒன்பதாவது என்றது. மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்து, "தாள்ல என்ன போட்டிருக்கோ அதுதான் மேடம்" என்றாள்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டவர் மேல புகார் எழுதிக்கோங்க. பேர் வெஸ்ஸல். மூணு தடவையும் அந்த ஆளேதான். வேலை தெரியாதவனை எல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"எழுதிக்கிட்டேன் மேடம். இன்னிக்கே மேலிடத்துக்குப் போயிரும்."

"போகட்டும்!"

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பின்னால் காற்றுச் சத்தம்.

"நான் வெஸ்ஸல். வெளியே வந்து என் சொந்த ஃபோன்ல பேசறேன். கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கா?"

"இருக்கே. நீல மைப் பேனாதான் தேடிக்கிட்டிருக்கோம்!"

"ஒரு தடவையாவது அதைப் போட்டுப் பார்த்தீங்களா மேடம்?"

"எதுக்குப் போடணும்? பழுது பார்க்கப்படவில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"மூணு தடவையுமா? வீட்டுல ஒருத்தர்கூடவா பட்டனை அமுக்கல?"

"தாள்ல அப்படிப் போட்டிருக்கும்போது ஏன் அமுக்கப் போறோம்?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "தயவுசெஞ்சு அமுக்குங்க."

மாரிட் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். ஃபெம்மி பட்டனை அமுக்கினாள்.

திரை வெளிச்சமானது. மூன்று நிமிஷம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. அணையவில்லை. ரூலோஃப் வருஷ வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஃபெம்மி ஒன்றைத் திறந்தாள்.

"சாவியைத் தேடித் தேடி வீட்டைக் கலைச்சவ யாரு? சட்டைப் பையில இருக்குது ஃபெம்மி, கையை விட்டுப் பாரு!"

படித்துவிட்டு அவள் சத்தமாகச் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை மாரிட் கேட்கவே இல்லை.

"எப்போ சரி பண்ணீங்க?" மாரிட்டின் குரல் இறங்கிவிட்டது.

"முதல் தடவையே. உள்ளே சூட்டைத் தணிக்கிற காத்தாடியில தூசி, பத்து நிமிஷ வேலை. நீங்க திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருந்தீங்க. எனக்கும் காரணம் கிடைக்காம நீல மை வரைக்கும் வந்துட்டேன்."

"உங்க மேல நான் புகார்..."

"தெரியும். இப்பத்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க. ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்."

"சரி பண்ணிட்டு, பண்ணலைன்னு ஏன் எழுதணும்?"

"சரி பண்ணியாச்சுன்னு எழுதினா, உள்ளே இருக்கிறதை மொத்தமா அழிச்சிட்டுத்தான் வெளியே அனுப்பணும் மேடம். எங்க கம்பெனி சட்டம் அது. உங்கம்மா அந்தக் கட்டத்துல எழுதியிருந்ததைப் படிச்ச பிறகு, எனக்குக் கை வரல."