கரையில் ஒரு ஆள்

முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு குறட்டை விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். நேசபாய்க்கு அது நிறையவே இருந்தது.

"நேசபாயம்மா!"

"சொல்லு மக்கா." வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"வெயிலுல இருந்து கரண்டு எடுக்கது."

"அது முந்தாநாள் பாடம்."

இருபது பெண்களும் சிரித்தார்கள். சிரிக்காதது டீச்சர் சுபிதா மட்டும்தான். குலசேகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து, மாதா கோயில் ஹாலில் தொண்டை வற்றக் கத்துகிறாள். சோலார் மின்சாரமும் பருவநிலை மாற்றமும், பத்து நாள் பயிற்சி. முடிவில் நன்றாகக் கற்றுக்கொண்ட பத்துப் பேருக்கு மட்டும் ஆளுக்கொரு சோலார் பேனல் கிடைக்கும், பேட்டரியோடு.

அன்றைக்குத் திரையில் ஒரு பனிக்கரடி. உருகிக்கொண்டிருந்த பனிக்கட்டி மேல் தன்னந்தனியாக நின்றது.

"பாவம், இதுக்கு இனிப் போக்கிடம் இல்ல. நாம எரிக்கிற கரியும் டீசலும்தான் காரணம். பூமி சூடாகுது, கடல் சூடாகுது." சுபிதா நிஜமாகவே மனம் உருகிச் சொன்னாள்.

"அது மீனு திங்குமா டீச்சர்?" என்று கேட்டாள் குளோரி.

"திங்கும்."

"அப்ப நம்ம ஆளுதான்."

மறுபடியும் சிரிப்பு. அதற்குள் நேசபாயின் தலை தொங்கிவிட்டது. ஒரு ஜீவன் சாகக் கிடக்கிறது, இந்த அம்மாவுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ, என்ன மனசோ என்று சுபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூக்கத்தையாவது மன்னித்துவிடலாம். இன்னொன்று இருந்தது. தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, பாடத்துக்காக முற்றத்தில் வைத்திருந்த பேனலில் நேசபாய் தன் வயர்லெஸ் செட்டைச் சார்ஜ் போட்டுவிடுவாள். மீன்பிடி வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் கறுப்பு செட்டு. சாயங்காலம் வரை அதை எடுக்க மாட்டாள்.

"வீட்டுல கரண்டு இல்லியா?" என்று சுபிதா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இருக்கு மக்கா."

"பிறகு எதுக்கு இங்க வந்து?"

"இங்க வெயிலு நல்லா அடிக்குல்லா."

ஓசியில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் சுபிதா.

குளோரி மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, "அவியகிட்ட ஒண்ணும் கேக்காண்டாம் டீச்சர், விட்டிருங்க" என்றாள். ஊர்க்காரியை ஊர்க்காரி விட்டுக்கொடுப்பாளா?

பத்தாம் நாள் பரீட்சை. எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

"பருவநிலை மாறினதால உங்க ஊருக்கு என்ன கேடு வந்தது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

கடல் ஏறி வந்துவிட்டது என்றாள் ஒருத்தி. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது என்றாள் இன்னொருத்தி. நேசபாயின் முறை வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

சுபிதா மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, பேனல் பட்டியலில் அந்தப் பெயரை அடித்தாள். அதே வேகத்தில் முற்றத்துக்குப் போய் வயரைப் பிடுங்கி, செட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

வைத்த கையோடு செட்டு கரகரத்தது.

"நேசம்மா... நேசம்மா... கரையில இருக்கியளா?"

மூன்று தடவை கூப்பிட்டும் எழும்பாதவள் அந்த அரைக்குரலுக்கு எழும்பி ஓடி வந்தாள்.

"இருக்கேன் மக்கா. சொல்லு."

"எஞ்சின் நின்னு போச்சு. காத்து வெளிய இழுக்குது."

"எங்க கெடக்க?"

"கொளச்சலுக்கு நேர் தெக்க."

"பயப்படாத. பேசிக்கிட்டே இரு." பிறகு வேறொரு வள்ளத்தைக் கூப்பிட்டாள். "ரசலையா, கேக்குதா? கொளச்சலுக்குத் தெக்க ஒரு வள்ளம் நிக்குது, நீதான் பக்கத்துல கெடக்க. திருப்பு."

"திருப்பியாச்சு நேசம்மா."

ஒரு வள்ளம் இன்னொன்றைக் கயிறு போட்டுப் பிடிக்கும் வரை அவள் செட்டைக் கீழே வைக்கவில்லை. அரை மணி நேரம் ஆனது.

"உங்க மகனா?" என்று கேட்டாள் சுபிதா.

"இல்ல மக்கா. ஆரோ பெத்த பிள்ள."

"ராத்திரியும் இப்படித்தானா?"

"ராத்திரிதானே எல்லாரும் கடலுல கெடக்கானுவ. கரையில ஒரு ஆளு முழிச்சு இருக்க வேண்டாமா?"

சுபிதா பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒன்று விளங்கவில்லை.

"வீட்டுலதான் கரண்டு இருக்கே. அதுல போட்டா என்ன?"

நேசபாய் சேலைத் தலைப்பால் செட்டைத் துடைத்தாள்.

"ஒக்கிப் புயலு அன்னைக்கும் இந்தச் செட்டு வீட்டுலதான் கெடந்துது. கரண்ட நம்பி இருந்தேன். கரண்டு போச்சு, செட்டும் செத்துப் போச்சு. பக்கத்து வள்ளத்துல இருந்து தப்பி வந்த பயலுவ பொறவு சொன்னானுவ. எனக்க மவன் ஷிஜின் ரெண்டு மணிக்கூறு நேரமா, 'எம்மா, கரையில இருக்கியா, கரையில இருக்கியா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம்."

பின்வரிசையில் குளோரி அழுதாள்.

சுபிதாவின் கையில் பிடுங்கின வயர் இன்னும் இருந்தது. நேசபாய் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கரையிலதான் மக்கா இருந்தேன்."